அரண்மனைப் படத்து வசனம்

ராசா கையை ஓங்கப்போகிற நேரம் பார்த்துப் படத்தை நிறுத்திவிட்டு, ராமுத்தாயக்கா எங்கே தொலைந்தாள் என்று கொல்லைப் பக்கம் பார்த்துக் கத்தினேன். அவள் இல்லாமல் ராசா விடுகிற அறையை நாங்கள் பார்த்துவிட்டால் பொழுது சாயும்வரை புலம்பியே கொன்றுவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெடிக் கம்பெனி லீவு. தெருப் பொம்பளைகள் அத்தனை பேரும் என் வீட்டுத் தரையில்தான் கிடந்தார்கள். சிடி பிளேயர் இருப்பது இந்தத் தெருவில் என் வீட்டிலும் பக்கத்து வீட்டுப் பாலகுரு வீட்டிலும்தான். பாலகுரு வீட்டுக்குள் கூட்டம் சேர்க்க மாட்டான். நான் வாயாடி, என் வீட்டுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். படத்துக்கு முறையான பேர் ஒன்று டப்பா மேல் எழுதியிருக்கிறது. எங்கள் தெருவில் யாரும் அதைச் சொல்வதில்லை. அரண்மனைப் படம் என்றால் கைப்பிள்ளைக்கும் தெரியும்.

கறுப்பு வெள்ளைப் படம். தம்பிக்காரன் மூட்டிவிட்டதைக் கேட்டு ராசா பொண்டாட்டியைச் சந்தேகப்பட்டு, சபை நடுவில் நிறுத்தி வைத்து வசனம் பேசுவான். மூச்சு விடாமல் பேசுவான். கடைசியில், "நிமிர்ந்து நில், பெண்ணே! நெஞ்சில் நஞ்சை நிறைத்த பின், நெற்றியில் குங்குமம் எதற்கு?" என்பான். 'எதற்கு' வாயை விட்டு வெளியே வந்ததும் விழும் பாருங்கள் ஒரு அறை. ராணி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுழன்று அவன் காலடியில் விழுந்து, "அத்தான்" என்பாள். அதோடு சரி. ராசாவுக்குப் பக்கம் பக்கமாக எழுதிய மகராசன் அவளுக்கு ஒற்றை வார்த்தையோடு முடித்துவிட்டான். இருந்தாலும் அந்த ஒற்றை வார்த்தையை அவள் சொல்லுகிற தினுசு இருக்கிறதே, கல்லும் கரையும். நான் அந்தப் படத்துக்கு அடிமை என்றுதான் சொல்ல வேண்டும்.

ராமுத்தாயக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு வலது கையில் விரல்கள் தனித்தனியாகக் கிடையாது. கம்பெனியில் வெடிமருந்து ரூம் வெடித்தபோது உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பக்கத்தில் உட்கார்ந்து திரி செருகிக்கொண்டிருந்தவர்களைக் கரிக்கட்டையாகத்தான் அள்ளிப் போட்டார்கள். அந்தக் கதையை வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொல்லுவாள், கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வராது. படத்தின் கடைசியில் ராணி தீக்குள் இறங்குகிற இடம் வந்தால் கெக்கலி கொட்டிச் சிரிப்பாள். தீக்குள் போனவளுக்கு ஒரு முடிகூடச் சுருளவில்லையே, கூறுகெட்ட பயல்கள், என்பாள். அதே ராமுத்தாயக்கா ராசா அறைகிற இடத்தில் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுவாள். நான் படத்தை ஓடவிட்டேன். அறை விழுந்தது. வழக்கம்போல எல்லாரும் அழுதோம்.

அப்போதுதான் வாசற்படி ஓரத்திலிருந்து பொன்மணி பேசினாள். பாலகுருவின் பொண்டாட்டி. மடியில் பிள்ளை சினேகா, இன்னும் பள்ளிக்கூடம் போகிற வயசாகவில்லை. அந்தம்மா சரியா நடிக்கல, என்றாள். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அவள் வாயைத் திறந்து நாங்கள் கேட்டதே அபூர்வம்.

"கன்னத்த இம்புட்டுச் சீக்கிரம் பிடிக்க மாட்டாக அக்கா. அடி விழுந்ததும் பிள்ளை எங்கன நிக்குன்னுதான் மொதல்ல கண்ணு தேடும். வலியெல்லாம் அதுக்கு அப்பறந்தான்."

எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. படத்துல ராணிக்குப் பிள்ளையே கிடையாதுடி, மொதல்ல படத்த ஒழுங்காப் பாரு, என்று ஒரு போடு போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். பொன்மணியும் சேர்ந்து சிரித்தாள், முகத்தை மட்டும் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் பாலகுரு வந்து வாசலில் நின்று செருமினான். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

பாலகுருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெம்பக்கோட்டை ரோட்டில் நாங்கள் வேலை பார்க்கிற வெடிக் கம்பெனியில் அவன் போர்மேன். கெட்ட வார்த்தை வாயில் வராது. பொம்பளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டான், அக்கா, மதினி, சித்தி என்றுதான் கூப்பிடுவான். அரண்மனைப் படத்து வசனம் முழுக்க அவனுக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ராசா பேசுகிறானா பாலகுரு பேசுகிறானா என்று தெரியாது, குரல் அப்படி. வருசா வருசம் ஆயுத பூசைக்குக் கம்பெனியில் மேடை போட்டால் அவன் வசனம் இல்லாமல் பூசை முடியாது. சீசன் நேரத்தில் ஆட்கள் அசந்து போனால், நடந்து வருகிற வாக்கில் ஒரு வரி எடுத்து விடுவான். பாக்கிங் பொம்பளைகள் நாங்கள் எல்லாரும் கை தட்டுவோம். நானும்தான் தட்டினேன், எதற்குப் பொய் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சாயங்காலம் அடிக்கடி அந்த வசனம் சுவர் வழியே கேட்கும். பாலகுரு படம் போட்டுவிட்டான் என்று நினைத்துக்கொள்வோம். 'எதற்கு' வரும், பின்னாலேயே அறை விழும். என் வீட்டுக்காரர் செல்லச்சாமி, லோடு ஏற்றிவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்தபடியே, பாலகுரு, சவுண்டைக் கூட்டி வையப்பா, நல்ல கட்டம், என்று குரல் கொடுப்பார். சரிண்ணே என்று அங்கிருந்து பதில் வரும். உண்மையிலேயே சவுண்டு கூடும்.

அந்த வருசம் கரண்டு போகாத சாயங்காலமே கிடையாது. படம் பார்த்து ஒரு வாரம் ஆகியிருக்கும். கரண்டு போன நேரத்தில், இருக்கிற வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து சொளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் வசனம் ஆரம்பித்தது. பழக்க தோசத்தில் நானும் கூடவே முணுமுணுத்தேன். நெஞ்சில் நஞ்சை நிறைத்த பின் என்று சொல்லும்போது வேர்வையைத் துடைக்கத் தலையைத் தூக்கினேன். மேலே காத்தாடி செத்துப்போய்த் தொங்கியது. இரண்டு வீட்டுக்கும் ஒரே லைன். எங்கள் வீட்டில் இல்லாத கரண்டு அவன் வீட்டில் எப்படி இருக்கும்?

"நெற்றியில் குங்குமம் எதற்கு?"

அறை விழுந்தது. இன்னொன்று விழுந்தது. படத்தில் இன்னொன்று கிடையாது. அடுத்து சுவரே அதிர்கிற மாதிரி ஏதோ வந்து மோதியது, என் மாடத்தில் இருந்த தீப்பெட்டி கீழே விழுந்தது. அத்தான் என்கிற சத்தம் வரவே இல்லை. இத்தனை நாளும் அந்தச் சத்தம் வந்ததே இல்லை என்பது அப்போதுதான் என் மரமண்டையில் உறைத்தது. சொளகோடு எழுந்து பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

கதவு தாழ் போட்டிருந்தது. உதைத்தேன், இரண்டாவது உதையில் தாழ் பெயர்ந்தது. பாலகுரு பொன்மணியின் சடையைக் கையில் சுற்றிப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டு நின்றான். அவளுடைய உதடு கிழிந்து ரத்தம் தாடையில் இறங்கி ஜாக்கெட்டை நனைத்திருந்தது. வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரில் தலை உரசின இடமெல்லாம் ஈரச் சிவப்பு. அவள் என்னையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் குனிந்து பார்த்தேன். சினேகா அங்கே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. 'எதற்கு' என்று உதட்டைக் குவித்துவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது.

"ஆயுத பூசைக்கு ஒத்திகை பாக்கேன் மதினி. கதவ எதுக்கு ஒதைக்கீக?" என்றான். மூச்சுகூட வாங்கவில்லை அவனுக்கு.

கையோடு வந்த சொளகாலேயே அவன் மூஞ்சியில் போட்டேன். சட்டையைப் பிடித்து இழுத்ததில் பொத்தான்கள் தெறித்தன. அவன் சடையை விட்டுவிட்டு என் கையைப் பிடித்து முறுக்கினான், தோள் கழன்றுவிடும்போல வலித்தது. நான் அவன் மணிக்கட்டைக் கடித்தேன், தோல் பிய்கிற வரைக்கும் கடித்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் வந்து என்னைப் பிய்த்து எடுத்தார். தெரு கூடிவிட்டது. பாலகுரு வாசலில் நின்று, ரத்தம் வடிகிற கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, ஒத்திகை பாக்கையில இவ வழுக்கி விழுந்துட்டா, மதினி தப்பா நெனச்சுட்டாக, என்றான். ஒத்திகைதானா என்று யாரோ கேட்டார்கள். அவன் நெஞ்சை நிமிர்த்தி வசனத்தை முதலிலிருந்து கடைசிவரை சொல்லிக் காட்டினான். மங்கலான வெளிச்சத்தில் தெருவே கை தட்டியது. என் வீட்டுக்காரர் அவனிடம் மன்னிப்புக் கேட்டார், எனக்குக் கிறுக்கா என்று என்னிடம் கேட்டார். உள்ளே பொன்மணி வாளித் தண்ணீரில் வாய் கொப்பளிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

மறுநாள் விடிகாலை குழாயடியில் அவளைப் பிடித்தேன். வா, போலீசுக்குப் போவோம் என்றேன். அவள் குடத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். இவுக அங்கயும் வசனம் பேசுவாக அக்கா, என்றாள். அவள் அண்ணன் கருப்பணன் ஒருதரம் நியாயம் கேட்க வந்தானாம். அவனையும் உட்கார வைத்து அந்த வசனத்தைப் பேசிக் காட்டியிருக்கிறான். அண்ணன் கை தட்டிவிட்டு, மாப்பிள்ளை என்னமாப் பேசுறாரு என்று சொல்லிவிட்டு மல்லாங்கிணறுக்குப் பஸ் ஏறிவிட்டானாம். வேலை நாளில் பாலகுரு கிளம்பும்போது அவளை உள்ளே வைத்து வீட்டை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகிறான். ஞாயிற்றுக்கிழமை அவளை என் வீட்டில் விட்டுவிட்டு, பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் உட்கார்ந்துகொள்கிறான். அவன் கண்ணில் படாமல் ஊரிலிருந்து ஒரு பஸ் ஏற முடியாது.

"ஆயுத பூசைக்குக் குடும்பத்தோட கம்பெனிக்குப் போவோம்லக்கா. கம்பெனி வாசல்லயே சாத்தூர் பஸ்ஸு நிக்கும். அவுக மேடையில ஏறிட்டா வசனம் முடியுற வரைக்கும் எறங்க மாட்டாக."

போய் எங்கே இருப்பாய் என்று கேட்டேன். அச்சங்குளத்தில் பெரியம்மா இருக்கிறாளாம், அதுக்குச் சினிமான்னாலே ஆகாதுக்கா, என்றாள். அதைச் சொல்லும்போது கிழிந்த உதட்டில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்துபோனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. குடம் நிறைந்து வழிந்து காலெல்லாம் நனைந்தது.

ஆயுத பூசையன்று கம்பெனி கல்யாண வீடாகத்தான் இருந்தது. ரூமெல்லாம் கழுவி, தராசுக்கும் சல்லடைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழை கட்டி, ஆளுக்குப் பொரிகடலைப் பொட்டலம். லோடு லாரியின் பின்கதவை இறக்கிவிட்டு அதுதான் மேடை. பாலகுரு வாடகைக் கிரீடம் வைத்துக்கொண்டு ஏறினான். மணிக்கட்டில் என் பல் பதிந்த இடத்தைத் தங்கக் காப்பு மறைத்திருந்தது. ராணிக்கு எப்போதும் பாக்கிங்கில் வேலை பார்க்கிற சுடலைதான், மீசையை மழித்துவிட்டுச் சேலை கட்டிக்கொள்வான். கேட்டுக்காரர்கூடப் பொரியைக் கொறித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். வசனம் ஆரம்பித்தது. பின்வரிசையில் பொன்மணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்ததைப் பார்த்தேன். யாரும் திரும்பவில்லை. அவள் கேட்டைத் தாண்டினாள்.

தரையில் நின்றால் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தெரியாது. லாரி டயரில் காலை வைத்து ஏறிப் பார்த்தேன். எதிரே வேப்பமரத்தடியில் அவள் நின்றாள், கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை. ரோடு மொட்டையாகக் கிடந்தது. வந்திருக்க வேண்டிய பஸ்ஸைக் காணோம். மேலே பாலகுரு இழுத்து இழுத்துப் பேசினான், இன்னும் இழுடா என்று நான் கும்பிடாத சாமியில்லை. வாழ்நாளில் அவன் வசனம் நீளவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். 'எதற்கு' வந்துவிட்டது. சும்மா கையை வீசினான், சுடலை தானே கையைத் தட்டி அறைச் சத்தம் எழுப்பிக்கொண்டு விழுந்து அத்தான் என்றான். விசில் பறந்தது. முடிந்தது. பாலகுரு கூட்டத்தைக் கும்பிட்டுக்கொண்டே பின்வரிசையைப் பார்க்க ஆரம்பித்தான்.

நான் மேலே ஏறிவிட்டேன். எந்திரி சுடலை, ராணி நான்தான், என்றேன். கூட்டம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது. மைக்கைப் பிடித்தேன்.

"இம்புட்டு நேரம் ராசா பேசுனீக. எனக்கு எழுதுனவன் ஒண்ணும் எழுதல. அதனால என் வாயில வந்ததப் பேசுறேன், கேளுங்க."

எனக்கு ராசா தமிழ் வராது. பார்த்ததைச் சொன்னேன். சடையைக் கையில் சுற்றுகிற விதத்தைச் சொன்னேன். சுண்ணாம்புச் சுவரில் ரத்தம் எப்படிக் காய்ந்து கறுக்கும் என்று சொன்னேன். வெளியே தொங்குகிற பூட்டைச் சொன்னேன். கட்டிலுக்கு அடியில் ஒரு பிள்ளை வசனம் மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் சிரித்தது. சொளகால் அடித்ததைச் சொன்னபோது ஆம்பளைகள் தரையில் உருண்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் பொரிப் பொட்டலத்தைக் கசக்கிக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டிருந்தார். ராமுத்தாயக்கா அந்த ஒட்டிப்போன கையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, இமைக்காமல் பாலகுருவையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பேச்சு நடுவில் சுவருக்கு மேலே ரோட்டைப் பார்த்தேன். இன்னும் வரவில்லை.

பாலகுரு சிரித்த முகத்தோடு பக்கத்தில் வந்து உள்ளங்கையால் மைக்கை மூடினான். "எறங்குங்க மதினி" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு. அவன் கண் கூட்டத்தைத் துழாவியது. பின்வரிசையில் அவள் இருந்த இடத்தில் பொரிப் பொட்டலம் மட்டும் கிடந்தது. அதைக் கண்டுகொண்டான். சிரிப்பு அப்படியே காய்ந்துபோக, லாரியை விட்டுக் குதிக்கத் திரும்பினான்.

விட்டேன் ஒரு அறை. வருசமெல்லாம் பெட்டி தூக்கிக் காய்த்துப்போன கை. கிரீடம் கழன்று உருண்டு கீழே விழுந்தது. மூக்கிலிருந்து ரத்தம் எட்டிப் பார்த்தது. அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். உடனே பிடித்துக்கொண்டான், படத்து ராணியைப் போல. பிள்ளை எங்கே நிற்கிறது என்று அவன் கண் தேடவில்லை. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. என்ன நடிப்பு, நெசமாவே அடிச்ச மாதிரி இருக்குல்ல, என்று கீழே ஒருத்தி சொன்னாள். யாரோ ஒன்ஸ் மோர் என்று கத்தினார்கள். எல்லாரும் ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர் என்று சேர்ந்துகொண்டார்கள்.

பாலகுரு கையை ஓங்கினான். இந்தத் தடவை வசனம் இல்லை.

காதுக்குள் குழாய் வெடி வெடித்தது. பல்லில் உதடு மாட்டிக் கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. லாரிப் பலகையில் முழங்கால் குத்தி நின்றேன், கைதட்டல் எங்கேயோ தூரத்தில் கேட்டது. பொன்மணி சொன்னது சரிதான். என் கை கன்னத்துக்குப் போகவே இல்லை. கண்தான் போனது, காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, வேப்பமரத்தடிக்கு. பஸ் வந்து நின்றிருந்தது. பொன்மணி படியில் ஏறிவிட்டிருந்தாள். சினேகா மட்டும் இன்னும் கீழே, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டு நின்றது.